சனிக்கிழமைப் பாதிக் கனவுகள்

பிப்ரவரி 8

மருமகளுக்கு,

போன சனிக்கிழமை நம் இரண்டு பிள்ளைகள் மன்றங்களும் வீடியோவில் சந்தித்தபோது இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு நீ மாற்றிச் சொல்லக்கூடாது. இந்தப் பக்கம் நான், கணக்கு வாத்தியார், வாயாடி, அழுகுணி, முந்திரிக்கொட்டை, இரட்டையரில் மூத்தவள் (இளையவளுக்குக் காய்ச்சல்). அந்தப் பக்கம் நீ, உன் மன்றத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் என் பேத்தி சிட்டு. என் மகன் இல்லை. "எங்கே அவன்?" என்றதற்கு, "வேலைக்குப் போயிருக்கார் அத்தை" என்றாய். சனிக்கிழமையிலுமா?

தையல் கடை மாடியில் எங்கள் மன்றத்துச் சுவரில் வாத்தியார் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, உங்கள் முகங்களை அதில் விழவைத்தார். மின்விசிறிக் காற்றில் துணி அசைய அசைய, உன் பிள்ளைகள் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. இங்கே பொழுது சாய்கிறது. அங்கே அப்போதுதான் எழுந்து வந்திருக்கிறார்கள். ஒருத்தி கன்னத்தில் தலையணைக் கோடு அழியவே இல்லை.

இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். வாத்தியார் வினாடி வினா என்றார். "பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைங்கள மறுபடியும் பரீட்சைக்கா உட்கார வைப்பீங்க?" என்றேன். தூங்கி எழுந்தவர்களிடம் கனவுதானே இருக்கும்? உன் பக்கத்துப் பிள்ளை பாதிக் கனவைச் சொல்லட்டும். என் பக்கத்துப் பிள்ளை மீதியைச் சொல்லி, படம் வரைந்து அனுப்பட்டும். சண்டை வராமலிருக்க ஒரு சட்டம்: முடிக்கிறவர் சொன்னதுதான் முடிவு. அழுதாலும் மாறாது.

சிட்டுக்கு வாயாடியை ஜோடி சேர்த்திருக்கிறேன். அவளைப் பார்க்க எனக்கு இந்த விரிப்பை விட்டால் வேறு வழியில்லை.

போனில் நாம் ஒருவரையொருவர் பேசவிடுவதில்லை, அதனால்தான் கடிதம். நீ நாட்டை விட்டுக் கிளம்பிய அன்று காரில் ஏறியவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழுப்புச் சால்வை போட்டிருந்தாய்.

அத்தை

பிப்ரவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் சட்டத்தைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். பிள்ளைகள் இப்போது வெள்ளிக்கிழமை சீக்கிரம் தூங்கப் போகிறார்களாம், கனவு வேண்டுமென்று. பெற்றவர்கள் எனக்கு நன்றி சொல்கிறார்கள். அந்த நன்றி உங்களுக்குத்தான் சேரவேண்டும்.

முந்திரிக்கொட்டையை மட்டும் கொஞ்சம் அடக்குங்கள். என் பக்கத்துப் பையன் வாயைத் திறக்குமுன் கனவை முடித்துவிடுகிறான்.

அவருக்கு வேலை அதிகம். அவரே உங்களிடம் பேசுவார்.

அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன் அத்தை. அவ்வளவுதான்.

மருமகள்

மார்ச் 16

மருமகளுக்கு,

இறங்கியிருப்பேன் என்று ஒரு வரி எழுத உனக்கு இத்தனை வருஷமா?

நேற்று சிட்டு சொன்னது கேட்டாயா? அவள் அப்பா ஓர் ஏணியில் இருக்கிறாராம். ஏணி எதிலும் சாய்ந்திருக்கவில்லையாம். மேகத்துக்கு வெள்ளையடிக்கிறாராம். கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டுகிறாராம். அதோடு நிறுத்தினாள். வாயாடி வாயிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டு, "அப்புறம் என்ன, பசி வந்துருச்சு. விறுவிறுன்னு எறங்கி வந்து, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக் கதவத் தட்டுனாரு. மூக்குல பெயின்ட்டு" என்றாள். சிட்டு சிரித்தாள். பாட்டி என்று நேற்றுத்தான் என்னை முதன்முதலாகக் கூப்பிட்டாள். இரவெல்லாம் அந்தச் சொல் என் காதுக்குள் நடமாடியது.

ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. போன வாரக் கனவில் அப்பா மறுகரையில் குடை பிடித்து நின்றார். அதற்கு முன் நகரும் ரயிலின் ஜன்னலில். அதற்கும் முன் பூட்டிய கடைக்குள், கண்ணாடிக்குப் பின்னால். உன் மகள் கனவில் என் மகன் எப்போதும் எட்டாத தூரத்திலேயே இருக்கிறான். ஏன்?

அத்தை

மார்ச் 18

அத்தைக்கு,

ஞாயிற்றுக்கிழமை சிட்டு காலையிலேயே குளித்துவிட்டு வாசற்கதவை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "அப்பாவும் பசியோடதான வர்றாரு, சேர்ந்து சாப்பிடறேன்" என்றாள். கனவு வேறு, நிஜம் வேறு என்றேன். "முடிச்சவங்க சொன்னதுதான் முடிவு. பாட்டியோட சட்டம். மாறாது" என்றாள். விளக்கேற்றும் நேரத்தில் கதவிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.

அவர் போய்விட்டார் அத்தை. மழைக்காலத்திலேயே போய்விட்டார். வேறு வீடு, வேறு துணை. சிட்டிடம் அவர் சொல்லவில்லை. வெளியூர் வேலை என்று நானும் சொல்லிவைத்தேன். உங்களிடம் சொன்னால் என்னைத்தான் குற்றம் சொல்வீர்கள் என்று பயந்தேன்.

நம் இரண்டு மன்றங்களும் சேர்ந்து நடத்துவது இத்தோடு போதும். உங்கள் பிள்ளைகளிடம் ஏதாவது காரணம் சொல்லிவிடுங்கள்.

மருமகள்

மார்ச் 24

என் மகளுக்கு,

முன்பாயிருந்தால் உன்னைத்தான் குற்றம் சொல்லியிருப்பேன். நீ பயந்தது சரிதான்.

சனிக்கிழமை நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்தும் பிள்ளைகள் விரிப்பைக் கட்டினார்கள். வெறும் வெளிச்சம் மட்டும் அதில் அசைந்துகொண்டிருந்தது. வாயாடியிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னது தப்பா பாட்டி?" என்றாள். "நீ நல்லதத்தான்டி சொன்ன. சட்டம் போட்ட கிழவிதான் யோசிக்கல" என்றேன். உடனே அழுகுணி, "அப்ப சட்டத்த மாத்துங்க" என்றாள். அழுகிற பிள்ளைக்குத்தான் முதலில் புத்தி வந்தது.

மாற்றிவிட்டேன். இனி கனவு கண்டவரிடம், "இதுக்கு முடிவு வேணுமா, வேண்டாமா?" என்று முதலில் கேட்கவேண்டும். வேண்டாமென்றால் ஏணி ஏணியாகவே நிற்கட்டும். படம் மட்டும் வரைவோம். நீ சம்மதித்தால் வருகிற சனிக்கிழமை விரிப்பைக் கட்டுவோம். நீ இல்லாமல் மன்றம் நடக்கும், எனக்குத்தான் நடக்காது.

அதற்கு முன் சிட்டிடம் நிஜத்தைச் சொல்லிவிடு. நீ சொன்னால் அழுவாள், உன் மடியில் அழுவாள். வாசலில் காத்திருப்பதற்கு அது மேல்.

அவனுக்குப் போன் செய்தேன். "அது எங்க விஷயம்மா, நீங்க தலையிடாதீங்க" என்றான். "நான் உன்னத் திரும்பி வரச் சொல்லலடா. சிட்டுக்கு எதிர்ல உட்கார்ந்து, வரமாட்டேன்னு உன் வாயால சொல்லு. புள்ள கதவப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா" என்றேன். "இந்த வாரம் நேரமில்ல" என்றான். வைத்துவிட்டேன்.

நான் மன்னிக்காதவர்கள் நிறையப் பேர் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். வாடகைக்காரர், என் நாத்தனார், கண்ணைக் கெடுத்த டாக்டர், வருஷக்கணக்காக நீ. யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் வைத்திருந்த கோபத்துக்கெல்லாம் இப்போது எனக்குத் தெம்பில்லை. எல்லாரையும் விட்டுவிட்டேன். ஒருவனைத் தவிர.

என் மகன்.

பாட்டி