ஏரிக்கரைக் கல்லின் பெயர்

12 பிப்ரவரி 1968, திங்கள்

காலையில் பனி. பாகலூர் பஸ் தாமதம். இறங்கி ஏரி வரை நடை. தோளில் காகிதச் சுருள், மைப்புட்டி, பிரஷ்.

கல் இருக்கிறது. ஸ்தோத்திரம். இடுப்பளவு உயரம். நடுகல்தான். வில்லோடு ஒரு வீரன், கீழே எழுத்து, எல்லாவற்றின் மேலும் மஞ்சளும் எண்ணெயும். ஊருக்கு இவர் வேடியப்பன் சாமி. விரலால் தடவினால் 'ராமநாத' தட்டுப்படுகிறது. போசள ராமநாதனேதான்! ஒரு தகப்பன் பிள்ளைகள் ராஜ்யத்தைப் பங்கு போட்டுக்கொண்டதில், இங்கே குந்தாணியில் இருந்து ஆண்டவன்.

ஏரிக்கரையை உயர்த்துகிறார்கள். வெள்ளிக்கிழமை இங்கே மண் கொட்டுவார்களாம். கல்லை அசைக்கக் கூடாது, ஊர்க்கட்டு. சாமி உள்ளேயே இருக்கட்டும், மேலே புதுக் கல் நடுகிறோம் என்கிறார்கள். அதற்குள் எழுத்தைக் காகிதத்தில் படி எடுக்காவிட்டால் இதை இனி யாரும் படிக்க முடியாது.

வாங்க வேண்டியது: சோப்பு, தீப்பெட்டி, தலைவலி மாத்திரை.

13, செவ்வாய்

வெயில், காற்று. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி பிரஷ்ஷால் தட்ட ஆரம்பித்தேன். தட்டினால்தான் எழுத்துப் பள்ளத்தில் காகிதம் இறங்கும். பின்னால் 'பேடா, பேடா' என்று கூச்சல், கன்னடத்தில் வேண்டாம் என்று. பூசாரி மாதப்பன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிய அடிக்கிறியே சார், நீ இன்னா மனுசன்?"

காகிதம் கிழிந்தது. எனக்கும் கோபம். அடிக்க நான் என்ன போலீஸா? சொல்லவில்லை.

சண்டை போட்டவர் வீட்டிலேயே மத்தியானச் சாப்பாடு. ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அவர் மனைவி கெம்பம்மா சொல்லித்தந்தாள். விக்கிக்கொண்டேன். சிரித்தார்கள். நல்ல ஜனங்கள். ஸ்தோ.

14, புதன்

மறுபடி வெயில். கல்லின் தலையில் சாமந்திப்பூ வைத்து உத்தரவு கேட்டார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. பூ அசையவே இல்லை. வேடியப்பனிடம் நானும் மனசுக்குள் கெஞ்சினேன். கர்த்தர் மன்னிப்பார்.

"உத்தரவு இல்ல" என்றார் மாதப்பன்.

கெம்பம்மா விடவில்லை. "கூடாதுன்னும் சொல்லலியே? பண்டிகைக்கு நாரு போட்டுத் தேய்க்கிறியே, அது மட்டும் அடி இல்லியா? இதுவும் குளிப்பாட்டற மாதிரிதான். சார், நீ தட்டு."

காற்றுக்கு மறைப்பாக அவளும் இன்னும் இரண்டு பெண்களும் புடவை பிடித்து நின்றார்கள், கை கடுக்க. படி வந்துவிட்டது. கறுப்பில் வெள்ளை எழுத்து, பளிச்சென்று. எனக்கு அழுகையே வந்தது. இந்தப் பெண்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்ய? காகிதத்துக்கும் கற்பூரம் காட்டினார்கள். அது பற்றிக்கொள்ளாமல் காப்பாற்ற நான் பட்ட பாடு!

மாதப்பன் கேட்டது ஒன்றே: "புதுக் கல்லுல சாமியோட நெசப் பேர வெட்டணும். படிச்சுச் சொல்லு சார்."

15, வியாழன்

மேகம். சத்திரத்தில் உட்கார்ந்து படித்தேன். ராமநாத தேவர், விருதுகள், பட்டங்கள், பாதிக் கல் அதற்கே. அப்புறம், மாடு ஓட்டிப்போனவர்களோடு போராடி மாடுகளை மீட்டுச் செத்தான். யார்? கடைசி வரி, இடது மூலை. அந்த மூலையில்தான் காலங்காலமாகத் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். பக்திதான், வேறென்ன. பெயர் சிதைந்துபோய் 'மகன்' மட்டும் மிச்சம். ராஜா பெயருக்கு ஒரு கீறல் இல்லை.

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. முடியாது. இவர்கள் உப்பைத் தின்றிருக்கிறேன்.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். தேங்காய் விஷயத்தையும். புதுக் கல்லில் பெயர் வெட்டக் காத்திருந்த கல்தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டார். மாதப்பன் அந்த மூலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நாங்களே அழிச்சிட்டமா சார்?"

கெம்பம்மாதான் தச்சரைப் பார்த்துச் சொன்னாள்: "வேடியப்பான்னுதானே இத்தினி நாளும் கூப்ட்டோம். எம் பேரு அது இல்லன்னு ஒரு நாளாவது வராம இருந்தானா? அதையே வெட்டு."