அலமாரியில் ஒரு ஜோடி பூட்ஸ்

ஒசாகா

அப்பாவுக்கு வணக்கம். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா?

போனில் சொன்னால் சிரிக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் அனுப்பிய பூட்ஸ் அலமாரியில் இருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். “புதுசுலா, ரூபன் வரப்ப போட்டுக்கிறேன்” என்றீர்களாம். அது என்ன கல்யாணச் சட்டையா?

நீங்கள் வேலை செய்யும் சுங்காய் செம்பனைத் தோட்டத்துத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், அதில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் ஒரு வெடிப்பு போதும், நுழைந்துவிடும். அதன் மேல்சவ்விலுள்ள புரதங்கள் கொக்கி மாதிரி நம் செல்லைப் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் இங்கே ஆராய்கிறோம்.

போன வாரம் கையுறை கிழிந்து அந்தக் கிருமி என் விரலில் பட்டது. மாத்திரை கொடுத்தார்கள், ஒன்றுமில்லை, அம்மாவிடம் சொல்லாதீர்கள். மாத்திரையை விழுங்கும்போது உங்கள் வெடித்த குதிகால்தான் கண்ணில் நின்றது.

நெத்திலி சம்பல் அனுப்புங்கள். இங்கே எதிலும் காரமில்லை, கூடச் சாப்பிட ஆளுமில்லை.

லேபில் கூப்பிடுகிறார்கள். நான் வரும்போது அந்தப் பூட்ஸ் தேய்ந்து கிழிந்திருக்க வேண்டும்.

ரூபன்