ஆபீஸில் நடந்த கட்டுச்சோறு

துடியலூர்,
4.12.1996

அன்பு மகள் சைத்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மழை வருவதற்கு முன்னால் முழங்கால் மட்டும் தகவல் சொல்லிவிடுகிறது. கடல் கடந்து பாண்டுங்கில் நீயும் மாப்பிள்ளையும் லாஸ்யாக் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் விளக்கேற்றும்போது நான் கேட்டுக்கொள்வது, வேறொன்றும் பெரிதாகக் கேட்பதில்லை. உன் கடிதமும் போட்டோவும் தீபாவளி கழித்து வந்து சேர்ந்தன. பிள்ளை இளைத்துத் தெரிகிறாள். மாப்பிள்ளை வேலை செய்யும் மில்லுக்கு ஜனவரியில் பீளமேட்டுக்காரர் ஒருவர் கிளம்புகிறாராம், அவரிடம் ராகி மாவும் பருப்புப் பொடியும் கொடுத்துவிடுகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே கண்ணு. அக்டோபர் கடைசியில் வரி ஆடிட் முடிகிறவரை எங்கள் ஆபீஸில் யாருக்கும் வீடு வாசல் கிடையாது என்பது நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே பார்த்ததுதான். அது முடிந்த பிறகாவது எழுதியிருக்கலாம், அதற்குள் இங்கே வேறொரு காரியம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே, மற்றவர்கள் வாயால் உனக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

முதலில் ஆபீஸ் செய்தி. ஆடிட்டர் லட்சுமணசாமி சார் தொழில் தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டதால் இந்த ஆயுத பூஜையைக் கொஞ்சம் தடபுடலாகவே செய்தோம். வழக்கம்போலப் பொரி, சுண்டல் முடிந்ததும் அவர் எழுந்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார். யாகூப் பாய் சேர்ந்து இருபது வருஷம் என்று ஒரு சால்வை. ஜாஹிதாவுக்கு ஜனவரியில் நிக்காஹ், அதனால் அவளுக்கு ஒரு பட்டுப்புடவை, கல்யாணத்துக்கப்புறமும் கம்ப்யூட்டரை விட்டுப் போகக்கூடாது என்று சார் சொன்னதும் அவள் வெட்கப்பட்டு துணி உறை போட்ட அந்தக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம். நம் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, இப்போது மூன்றும் மூன்று வெவ்வேறு மணி காட்டுகின்றன. கடைசியாகப் பொற்கொடியைக் கூப்பிட்டு, சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் முடித்துவிட்டாள், இனி மில் ஆடிட் ஒன்றை அவள்தான் முன்னின்று நடத்துவாள் என்று அறிவித்தார். எங்கள் ஆபீஸில் ஒரு பெண் அப்படிப் போவது இதுதான் முதல்முறை. எல்லோரும் கை தட்டினோம். அவள் சிரித்தபடியே நின்றவள் சட்டென்று கண்ணைத் துடைத்தாள். நல்ல செய்தியைச் சொல்லக்கூட அவளுக்குப் பிறந்த வீட்டு மனுசர் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

பொற்கொடியை நீ பார்த்திருக்கிறாய், நம் வீட்டுக்கு ஒரு பொங்கலுக்கு வந்தாள், கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண். உன் கருமத்தம்பட்டி வேணி அத்தையின் மகன் கிஷன் அவளைத்தான் போன வருஷம் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். சாதி வேறு என்று இரண்டு பக்கத்திலும் கதவைச் சாத்திவிட்டார்கள். வேணி அத்தை மகனோடு பேச்சை நிறுத்தியதோடு என்னோடும் நிறுத்தினாள், சொந்தத்தில் நடக்கிற கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட அதற்குப் பிறகு எனக்கு வருவதில்லை. அவர்கள் கணபதியில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள், அவன் பம்புசெட் கம்பெனிக்கும் இவள் ஆபீஸுக்குமாகக் காலம் ஓடுகிறது. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். ஏழாம் மாதத்தில் தாய்வீட்டார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து வளையல் போட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். இவளுக்கு யார் வருவார்கள்? ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு யாகூப் பாய்தான் ஆரம்பித்தார். "ஏனுங்க ரங்கம்மாக்கா, ஆளுக்கொரு சோறு கட்டிட்டு வந்தா நம்ம ஆபீஸ்லயே செஞ்சுபோடலாமுங்களே" என்றார். சாரும் சரி என்றார். அவர் சம்மதிக்கமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன்.

இருந்தாலும் பெற்றவர்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று நானும் யாகூப் பாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபிக்கு பஸ் ஏறினோம். பொற்கொடியின் அப்பா கருப்புசாமி ஸ்கூல் வாத்தியார், சின்ன வீடு, வாசலில் செவ்வந்தி. கோபக்காரராக இருப்பார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நீங்க இவ்வளவு தூரம் வந்தது சந்தோசமுங்க. புள்ளை மேல எனக்குக் கோவம் இல்லீங்க. அந்தப் பையன் ஊட்டு ஆளுக வந்து இந்த வாசல்ல நின்னு சாதியைச் சொல்லிப் பேசுன பேச்சை ஊரே கேட்டுதுங்க. எங்கப்பன் காலத்துல கேட்டது, என் காலத்துல கேக்க மாட்டேன்னு நெனச்சிருந்தனுங்க. மறுபடி அவிக இருக்கற எடத்துக்கு நாங்களா வாரதுக்கில்லீங்க" என்றார். அவர் சொன்ன அந்த ஆட்கள் என் ஆட்களும்தானே. அவர் மனைவி தெய்வாத்தாள் காப்பி கொடுத்தாள், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கிளம்பும்போது மட்டும் என் பின்னாலேயே வந்து, "பொழுதோட காலு வீங்குதுங்களா அவளுக்கு?" என்று கேட்டாள். சாயங்காலமானால் கொஞ்சம் வீங்குகிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்து பொற்கொடியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்படின்னா மொத வளையல் நீங்கதான் போடோணுமுங்க அக்கா" என்றாள். நான் பதறிப்போனேன். உன் அப்பா போனதிலிருந்து நான் எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நின்றதில்லை, குங்குமத் தட்டைக்கூட அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். சாருடைய சம்சாரம் சுமங்கலி, பெரியவர், அவர் போடுவதுதான் முறை என்றேன். அவர் இரண்டாவதாகப் போடட்டும் என்றாள். சாரிடம் போய்ச் சொன்னேன், அவராவது எடுத்துச் சொல்வார் என்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "புள்ளைத்தாச்சி கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாதும்மா" என்று முடித்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை காரியம் நடந்தது. மேசைகளைச் சேர்த்துப் போட்டு இலை விரித்தோம். நான் புளிசாதமும் எள்ளுச் சாதமும், சார் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல், யாகூப் பாய் வீட்டில் உம்மல் குல்சும் அக்கா ஒரு அண்டா நிறைய நெய்ச்சோறு, ஜாஹிதா தேங்காய்ச் சாதம், இன்னும் தயிர்ச் சாதம், எலுமிச்சைச் சாதம். பெண்ணைத் தரையில் மணை போட்டு உட்காரவைத்தால் எழுந்திருக்க முடியாது என்று சாருடைய சுழல் நாற்காலியில் பட்டுத்துணி விரித்து உட்காரவைத்தோம். அது சுற்றிக்கொண்டே இருந்தது, யாகூப் பாய் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். கன்னத்தில் சந்தனம் பூசி, நான் வேப்பிலைக் காப்பைக் கையில் எடுத்திருப்பேன், படியில் செருப்புச் சத்தம். பார்த்தால் வேணி அத்தை. மூச்சு வாங்க நிற்கிறாள். கிஷன் அவளுக்கும் ஒரு அழைப்பைத் தபாலில் போட்டிருக்கிறான், முதல் வளையல் யார் போடுகிறார்கள் என்பதையும் எழுதிவிட்டிருக்கிறான். எங்கள் யாரையும் வாங்க என்றுகூடக் கேட்கவிடவில்லை, நேரே என்னிடம் வந்து நம் வீட்டுத் தெலுங்கில் பேசினாள், ஆபீஸ்காரர்களுக்குப் புரியாது என்ற தைரியம். உனக்குத் தமிழிலேயே எழுதுகிறேன். "அண்ணி, கையை வெச்சுராதீங்க. எங்க ஊட்டு மொதல் வாரிசு. உங்களுக்கே தெரியாததா, நீங்களா ஒதுங்கியிருக்க வேண்டாமா?" என்றாள். சாருக்கும் நம் பேச்சுதானே, அவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வரவில்லை சைத்ரா. காப்பை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது, அவள் சொன்னதை நானே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். காப்பைத் தட்டில் திருப்பி வைக்கத்தான் போனேன்.

அப்போது பொற்கொடி தெலுங்கில் பேசினாள். திக்கித் திக்கித்தான், மரியாதையெல்லாம் இடம் மாறி வயிற்றுப் பிள்ளையைக்கூட அவர் இவர் என்றாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. "அத்தை, உங்க பேரப்புள்ளை நல்லா இருக்கோணும்னுதானுங்க நீங்க வந்தீங்க? மசக்கையில நான் சோறு தண்ணி எறங்காமக் கெடந்தப்ப கஞ்சி காச்சி ஊத்துனது இந்தக் கைதானுங்க. அந்தக் கஞ்சியிலதான் உங்க பேரப்புள்ளை உள்ள இருக்கறாருங்க. இந்தக் கை மொதல்ல போடட்டும். அடுத்தது நீங்க போடுங்க. நீங்க போடாம நான் எந்திரிக்க மாட்டனுங்க" என்றாள். வேணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவளுக்கு நம்ம பேச்சை யாரு சொல்லிக் குடுத்தது?" என்று பொதுவாகக் கேட்டாள். கதவோரம் நின்ற கிஷன் "நாந்தாம்மா" என்றான். ஒன்றரை வருஷத்தில் தாயும் மகனும் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் பக்கத்திலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, "போடறதைப் போட்டு முடிங்க, நல்ல நேரம் போகுது. படியேறி வந்தவளை நிக்க வெச்சே கொன்னுபோடுவீங்களாட்ட இருக்குது" என்றாள்.

நான் போட்டேன். வேப்பிலைக் காப்பு, அப்புறம் பச்சைக் கண்ணாடி வளையல். பொற்கொடி தன் கையைக் கெட்டியாக நீட்டி வைத்துக்கொண்டாள். அடுத்தது வேணி. வளையல் அளவு சின்னது, பார்த்து வாங்கத் தெரியாதா என்று திட்டிக்கொண்டே போட்டாள். பிறகு சார் சம்சாரம், உம்மல் குல்சும் அக்கா, ஜாஹிதா என்று முழங்கை வரை ஏறிவிட்டது. சாப்பாட்டில் எள்ளுச் சாதத்துக்கு உப்புக் குறைச்சல் என்ற வேணி நெய்ச்சோற்றை இரண்டு தரம் வாங்கிக்கொண்டாள். கை கழுவும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்துக் கோபி வாத்தியார் சொன்னதைச் சொன்னேன். "அது என் கொழுந்தனார் பசங்க செஞ்ச வேலை, நான் அனுப்பலை" என்றாள். "அனுப்பலைன்னாலும் ஒரு தடவை போயி மன்னிப்புக் கேக்கோணுமல்லோ வேணி" என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

வெற்றிலை போடும்போது சார் நல்லதை நினைத்து, அப்படியே மருமகளைக் கருமத்தம்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். வேணிக்கு வந்ததே கோபம். "அதெப்படிங்க, தலைப்பிரசவம் தாயூட்டுலதான் பாக்கோணும். மாமியா ஊட்டுல வெச்சா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றாள். பொற்கொடி தன் வளையல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேணி என் பக்கம் திரும்பினாள். "மொத வளையல் போட்டவதான தாயி? ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க அண்ணி. முறைன்னு ஒண்ணை எடுத்தா பாதியில உட முடியாது. புள்ளை பொறந்து அஞ்சாம் மாசம் நான் வந்து தாயையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவள் மனசு மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன் கண்ணு, அடுத்த விசேஷத்தில் என்னைக் கண்டால் மறுபடியும் ஒதுங்கச் சொன்னாலும் சொல்வாள். ஆனால் அவ்வளவு பேர் முன்னால் என் வீட்டைத் தாய்வீடு என்று சொன்னது அவள்தான்.

அதனால் பொற்கொடி அன்று சாயங்காலமே நம் வீட்டுக்கு வந்துவிட்டாள், உன் அறையில் இருக்கிறாள். உன் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன், புடவைகள் என் பீரோவில். பிப்ரவரியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், டாக்டரம்மா வீடு பக்கத்துத் தெருதான். அதுவரை ஆபீஸுக்குப் போவேன் என்கிறாள், காலையில் இருவரும் சேர்ந்தே பஸ் ஏறுகிறோம், உட்கார இடம் வாங்கிக் கொடுப்பது என் வேலை. கோபிக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன், நம் வீட்டு விலாசம் எழுதி. இன்னும் பதில் இல்லை. சொந்தத்தில் யாராவது உனக்குப் போன் செய்து உங்கம்மா செய்தது தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்று மட்டும் சொல்லு, சண்டை போடாதே. மே மாதம் நீ வரும்போது ஹாலில் என் பக்கத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும், லாஸ்யாவுக்கு விளையாட ஒரு பாப்பா இருக்கும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். உன் வளைகாப்பு அன்றைக்கு நீ கூட்டத்தில் என்னைத் தேடித் தேடிப் பார்த்தாய், நான் சமையற்கட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். உனக்கு அடுத்தது என்று ஒன்று வரும்போது முன்னால் வந்து நிற்கப் போகிறேன். உன் மாமியாரிடம் இப்போதே சொல்லி வை, பிறகு அவர் என்மேல் வருத்தப்படக் கூடாது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் அனுசரணையாக, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். அங்கே மழைக்காலம் என்று எழுதியிருந்தாய், பிள்ளைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதே. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு, பேத்திக்கு முத்தங்கள்.

உன் அம்மா,
ரங்கம்மாள்