அண்ணி அளந்த வட்டம்

ஜூன் 4
லேத்தில் பதினெட்டு இரும்புத் தண்டு, ஷாஃப்ட், கடைந்தேன். ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது. கடைசி ஷாஃப்டில் இரும்புத் தூள் தெறித்து வலது கண்ணில் விழுந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை. இருபது வருஷ லேத்துக்காரனுக்கு அதெல்லாம் எதற்கு என்ற திமிர். தண்ணீரில் கழுவினேன், சரியாகிவிட்டது.

ஜூன் 6
சரியாகவில்லை. கண் சிவந்து, பீளை கட்டி, வெளிச்சம் பட்டாலே கூசுகிறது. போன வருஷம் மனைவிக்குக் கண் வலி வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து அலமாரியில் மிச்சம் கிடந்தது. அதை இரண்டு வேளை விட்டேன்.

ஜூன் 7
காலையிலும் அதையே விட்டுக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கருவிழியில் புண்ணாம். டாக்டர் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, புண்ணைச் சுரண்டி எடுத்தார். “வீட்ல ஏதாவது மருந்து விட்டீங்களா?” என்று முதலிலேயே கேட்டார். “இல்ல சார்” என்றேன். ஏன் சொன்னேன்? திட்டுவார் என்ற பயம் — நாற்பத்தாறு வயதில்!

மணிக்கொரு தரம் விட ஒரு மருந்து கொடுத்திருக்கிறார். சுரண்டியதைச் சோதிக்கும் லேபில்தான் அண்ணிக்கு வேலை. பாட்டில் கழுவுகிற உத்தியோகம் என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஜூன் 9
புண் பெரிதாகிவிட்டது. நர்ஸ் காட்டிய விரல்களை எண்ண முடியவில்லை. “கருவிழியில ஓட்டை விழுந்துட்டா கஷ்டம்” என்கிறார் டாக்டர். இந்தக் கண் போனா லேத்தும் போச்சு. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

அண்ணி வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, மைக்ராஸ்கோப்ல கிருமி தெரியுது. ஆனா கிருமி வளர்க்கிற தட்டுல போட்டா ஒண்ணுகூட வளரல. சுரண்டுறதுக்கு முன்னாடி என்ன மருந்து விட்டீங்க?”

விட்டேனா என்று கேட்கவில்லை. என்ன மருந்து என்றுதான் கேட்டார். பொய் தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. “அந்த பாட்டிலைக் கொண்டாங்க. டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

சொன்னேன். மருந்தின் தாக்கம் போனால்தான் தட்டில் கிருமி வளருமாம், அதனால் எல்லா மருந்தையும் ஒரு நாள் நிறுத்திவிட்டு மறுபடி சுரண்டப் போகிறார்களாம்.

ஜூன் 10
சுரண்டியாயிற்று. மருந்தில்லாத இந்த ஒரு நாள் — அப்பப்பா.

ஜூன் 11
வளர்ந்துவிட்டது. அண்ணி லேப் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டைத் தூக்கிக் காட்டினார். சுரண்டியதைப் பிறை பிறையாக வரிசையில் தேய்த்திருக்கிறார். பிறையின் மேல் முளைத்தால்தான் அது என் கண்ணிலிருந்து வந்த கிருமி, வெளியே முளைத்தால் காற்றில் வந்து விழுந்தது. எல்லாம் பிறையின் மேலேயே முளைத்திருந்தது. என்ன சுத்தமான வேலை!

“எந்த மருந்துக்கு சாகும் அண்ணி?”

“நாளைக்குத்தான் தெரியும்.”

“உங்க அனுபவத்துல தோராயமா சொல்லுங்களேன்.”

“நீங்க ஷாஃப்டை தோராயமாத்தான் கடைவீங்களா?”



ஜூன் 12
கிருமி பரப்பிய தட்டில், அண்ணி மருந்து தோய்த்த குட்டிக் காகித வில்லைகளை வைத்திருந்தார். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் விழும். ஆஸ்பத்திரி தந்த மருந்துக்கு வட்டமே இல்லை, கிருமி வில்லையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. என் அலமாரி மருந்துக்குச் சின்ன வட்டம், அடக்கி வைத்ததே தவிர அழிக்கவில்லை. மூன்றாவது மருந்துக்கு இருபத்தாறு மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்து இரண்டு தடவை அளந்தார். பிறகு பக்கத்து மேஜைப் பெண்ணையும் கூப்பிட்டு அளக்க வைத்தார்.

இந்தக் குடும்பத்தில் அளவு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. டாக்டர் உடனே மருந்தை மாற்றிவிட்டார்.

ஜூன் 16
வலி பாதியாகிவிட்டது. அண்ணியிடம், “பாட்டில் கழுவுற உத்தியோகம்னு சொன்னது தப்பு” என்றேன். “அதுவும் கழுவுறேன் தம்பி, நல்லாவே கழுவுறேன்” என்றார்.

ஜூலை 21
புண் ஆறிவிட்டது. ஓரத்தில் கடுகளவு தழும்பு நிற்கும் என்கிறார் டாக்டர். நாளை வேலைக்குப் போகிறேன். இன்றைய வரிகளை இடது கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன்.