போலிஷில் எழுதிய நான்கு வரிகள்

என் கண்ணு முரளிக்கு,

நான் இப்போது போலிஷ் படிக்கிறேன். அகராதியைத் தொடாமல் ஒரு கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்தது போன வாரம்தான். உன்னிடம் துள்ளிக் குதித்துச் சொல்லவேண்டிய சேதி இது. அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அச்சில் வரட்டும் என்றே எழுதுகிறேன், நம் சொந்தக்காரர்கள் நாலு பேராவது படிக்கவேண்டும்.

நீ வார்சாவுக்குப் பக்கத்தில் ஒரு துணிக் கம்பெனியின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாய். மூன்றாம் வருஷம் எவாவைக் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதினாய். அம்மா கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இருந்த ஒரே புள்ளையும் செத்துட்டான்"னு சொன்னாள். அப்போது அது வெறும் கோபம். பின்னால் அந்த வார்த்தைக்காக அம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள், அதையும் நான் பார்த்தேன்.

கல்யாணம் முடிந்து ஒரு பார்சல் அனுப்பினாய். போலிஷ் கற்கும் புத்தகம் ஒன்று, கேசட் ஒன்று, உள்ளே ஒரு சீட்டு. "அக்கா, நீயாவது கத்துக்கோ. எவா உன்கூடப் பேசணும்னு சொல்லிக்கினே இருக்கா." நான் அதை பீரோ மேல் வைத்தேன். வேங்கிக்காலில் ஆபீஸ், டைப்ரைட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து நோகும் முதுகு, வீட்டுக்கு வந்தால் அம்மாவின் மாத்திரை. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே நான்கு வருஷம் ஓட்டிவிட்டேன். இடையில் உனக்கு ஹன்யா பிறந்தாள். அந்தப் போட்டோவையும் அந்தப் பார்சலுக்குள்தான் செருகினேன்.

ஒரு தை மாதத்துச் சாயங்காலம் போன் வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். அழுகையும் பேச்சுமாக ஏதோ கொட்டுகிறது. அதில் எனக்குப் புரிந்தது உன் பெயர் மட்டும். நான் "ஹலோ, ஹலோ, யார் பேசறது, இங்கிலீஷ்ல சொல்லுங்க"ன்னு கத்திக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். கடைசியில் அவளே வைத்துவிட்டாள். பனி உறைந்த சாலையில் உன் வேன் சறுக்கிய செய்தியை மறுநாள் உன் கம்பெனிக்காரர்தான் இங்கிலீஷில் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்க நீ செத்தது தெரியாமல் இங்கே நாங்கள் சோறு தின்று தூங்கினோம். எவா என்னிடம் சொல்லிவிட்டாள், எனக்குத்தான் காது இல்லை.

உன்னை அங்கேயே புதைத்துவிட்டார்கள். இங்கே உன் போட்டோவை வைத்துப் பதினாறாம் நாள் காரியம் செய்தோம். அன்றைக்குத்தான் அம்மா எதற்கோ டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அப்பா போனபோது அறுத்து வைத்த அவள் தாலி, மஞ்சள் துணியில் முடிந்திருந்தது, அங்கே இல்லை.

அது எங்கே இருந்தது என்று உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். உனக்கு, எனக்கு, எவாவுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவின் ஆசீர்வாதம் கேட்டு நீ தனியாக வந்தாயே, நான்கு நாள் இருந்தும் அம்மா உன் முகத்தைப் பார்க்கவில்லையே. நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அந்த முடிச்சை உன் கையில் வைத்து அழுத்தியவள் நான். "அம்மா குடுத்ததா நெனச்சுக்கோடா"ன்னேன். நீ, "பத்தர்கிட்ட குடுத்து உருக்கி வேற செய்ய வேணாமாக்கா?"ன்னு கேட்டாய். உனக்குத் தெரிந்திருந்தது. அறுத்த தாலியை அப்படியே இன்னொருத்தி கழுத்தில் ஏற்றமாட்டார்கள், உருக்கித்தான் மறுபடி பயன்படுத்துவார்கள் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான்தான், "பஸ் எடுக்கப் போறான், அதெல்லாம் யார் பாக்கறது இந்தக் காலத்துல"ன்னேன். படித்தவளாம் நான்.

காரியத்துக்கு வந்திருந்த கீழ்பென்னாத்தூர் மாமா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "வேற யாரு? ஊருக்கு வந்தப்ப அவன்தான் தூக்கினு போயிருப்பான். வெள்ளைக்காரிக்குக் கட்டறதுக்கு"ன்னார். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "அறுத்த தாலியைக் கட்டினா ஆம்பள தங்குவானாடா? அதான் என் புள்ளையத் தூக்கினு போயிடுச்சு."

முரளி, அந்த நிமிஷம் நான் வாய் திறந்திருக்கவேண்டும். நான் கொடுத்தேன் என்று சொன்னால், உன்னைக் கொன்றது நான் என்று ஆகிவிடும். சபை நிறையச் சொந்தக்காரர்கள். வாயை மூடிக்கொண்டு எல்லோருக்கும் காபி எடுத்து வரப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் நீ திருடனாகியிருந்தாய்.

அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன். உன் சாவு முடிந்து படிக்க உட்கார்ந்த மாணவி. சமையலறையில் கேசட்டைப் போட்டால் அம்மா, "இன்னாடி அது, குக்கர் மாதிரி உஸ்ஸு புஸ்ஸுன்னு"ன்னு எரிந்து விழுவாள். இது வீடு, இது ரொட்டி, ரயில் எத்தனை மணிக்கு, இந்தப் பால் கெட்டது, வேறு கொடு. அவ்வளவுதான் நான் படித்தது.

அம்மா விடவில்லை. "அது அவ கழுத்துல இருக்கக்கூடாது. அந்தக் குழந்தைக்கும் ஆகாது. எழுதிப் போடு, அனுப்பச் சொல்லு"ன்னு தினமும் நச்சரித்தாள். எனக்கும் உள்ளுக்குள் பயம் வந்திருந்தது. கடையிலும் ஸ்டேஷனிலும் பேசுகிற வார்த்தைகளை வைத்துக்கொண்டு, புருஷனைப் பறிகொடுத்த உன் மனைவிக்கு நான்கு வரி எழுதினேன்.

இந்தத் தங்கம் கெட்டது. இது அம்மாவுடையது. கழற்று. அனுப்பு.

ஆடியில் ஒரு சின்ன உறை வந்தது. தாலி இருந்தது, ஒரு வரிகூட எழுத்து இல்லை. அம்மா அதைக் கையால் தொடாமல், உறையோடு கொண்டுபோய்ப் பெரிய கோயில் உண்டியலில் போட்டாள். வரும் வழியில் என்னிடம், "இப்பதான் மனசு கொஞ்சம் ஆறுது"ன்னாள். நான் தலையாட்டினேன்.

அந்தக் கார்த்திகையில் யாத்விகா அம்மாவைப் பார்த்தேன். ஆசிரமங்கள் இருக்கிற பக்கம் வருஷா வருஷம் குளிர்காலத்தில் வந்து ஒரு லாட்ஜில் தங்கும் போலந்துக்காரர். அறுபது வயதிருக்கும். எவாவிடமிருந்து ஏன் பதில் இல்லை என்று கேட்கத்தான் போனேன். என் நோட்டிலிருந்த அந்த நான்கு வரியைக் காட்டினேன். படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், இங்கிலீஷும் போலிஷும் கலந்து மெதுவாகக் கேட்டார். "இதை ஒரு விதவைக்கா எழுதினாய்?"

பிறகு தன் இடது கையை மேஜைமேல் வைத்தார். மோதிரம் இருந்தது. கல்யாணமானால் தங்கள் ஊரில் வலது கையில் போடுவார்களாம். புருஷன் இறந்தால் கழற்றமாட்டார்களாம், இடது கைக்கு மாற்றிக்கொள்வார்களாம். "பன்னிரண்டு வருஷமாக இந்தக் கையில் இருக்கிறது. கெட்டது, கழற்று என்று என் மாமியார் வீட்டிலிருந்து எழுதியிருந்தால், இந்தக் கல்யாணமே கெட்டது என்றுதான் நான் படித்திருப்பேன்" என்றார்.

நான் அங்கேயே அழுதேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார், ஆனால் பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்று குளிர்காலம் அவரிடம் போனேன். வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கை குலுக்கக்கூடாதாம் அவர்களுக்கு. நாமும்தானே படியில் நின்று எதையும் கொடுக்க வாங்கமாட்டோம்? நவம்பர் முதல் தேதி ஊரே கல்லறைக்குப் போய் விளக்கு வைக்குமாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டில், எதிர்பாராமல் வருகிறவருக்காக ஒரு தட்டு கூடுதலாகப் போடுவார்களாம். அந்தக் காலித் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோது நீ யாரை நினைத்தாய்? இதையெல்லாம் உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். நீ உயிரோடு இருந்தபோது, அங்கே குளிர் ஜாஸ்தியா என்பதைத் தவிர நான் எதைக் கேட்டேன்?

அம்மா இந்த மார்கழியில் போய்ச் சேர்ந்தாள். கடைசி வாரம் பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போனா போறான். கேட்டா குடுத்திருக்கவா போறேன் நானு? அவனை மன்னிச்சுட்டேன்னு சொல்லிடு"ன்னாள்.

நீ செய்யாத திருட்டுக்கு உன்னை மன்னித்தாள். எதிரே உட்கார்ந்து நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. சபை இல்லை, மாமா இல்லை, பயப்பட ஒருவரும் இல்லை. அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அவள் சாவு கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய், என் பெயர் கெட்டுவிடும் என்றுதான் பயந்தேன்.

காரியம் முடிந்ததும் எவாவுக்கு எழுதினேன். இரண்டு பக்கம். யாத்விகா அம்மா பிழை மட்டும் திருத்தினார், வாக்கியம் எல்லாம் என்னுடையது. தாலியைக் கொடுத்தது நான், உருக்க வேண்டாம் என்றது நான், சபையில் வாயை மூடிக்கொண்டது நான் என்று எழுதினேன். தமிழில் ஒருவரிடமும் சொல்லாததை அந்த மொழியில் சொல்லிவிட்டேன். சாக்குச் சொல்வதற்கு எனக்கு அதில் வார்த்தை போதாது, அதுவும் நல்லதற்குத்தான்.

போன வாரம் பதில் வந்தது. அகராதி இல்லாமல் நான் படித்த கடிதம் அதுதான். எவா எழுதியதை உனக்குத் தமிழில் தருகிறேன்.

"நீங்கள் கொடுத்தது என்று எனக்கு முதல் நாளே தெரியும். இது செத்தவரின் மனைவி கழற்றியது என்பதையும் முரளி மறைக்கவில்லை. உருக்கலாமா என்று கேட்டார். உங்கள் அம்மாவின் கழுத்தில் கிடந்தது அப்படியே வேண்டும் என்று சொன்னது நான். அவர் இறந்த பிறகும் போட்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று கழற்றினேன். ஹன்யாவுக்கு இப்போது படிக்கத் தெரியும், நீங்கள் எழுதினால் அவள் படிப்பாள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். தன் மகன் எதையும் திருடவில்லை என்று உங்கள் அம்மாவிடம் சொன்னீர்களா?"

புரியாத சொல் ஒன்றுகூட இல்லை, முரளி. மூன்று வருஷம் படித்தது இந்தக் கேள்வி புரிவதற்குத்தான் போலிருக்கிறது. இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதற்கு மேல் அவள் எழுதுவாளா, ஹன்யாவை எழுத விடுவாளா, தெரியாது.

அம்மாவின் முதல் தெவசம் வரும் மார்கழியில் வேங்கிக்கால் வீட்டில் நடக்கும். கீழ்பென்னாத்தூர் மாமா உட்பட எல்லோரும் வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால் நான் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். சாப்பிட்ட பிறகு என்று வைத்தால் ஒத்திப்போட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தைரியம் வராவிட்டாலும் தப்பிக்க வழி இருக்கக்கூடாது என்றுதான் இதை இன்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். மாமா, படிக்கிறீர்களா? தாலியை எடுத்துக் கொடுத்தவள் நான். என் தம்பி எதையும் எடுக்கவில்லை.

பெற்றவள் சாகும்வரை உன்னைத் திருடனாகவே விட்டுவைத்திருந்த,
உன் கூடப்பிறந்த அக்கா,
கலைச்செல்வி