பெரிய மணலில் மூன்று விரல் தடம்

என் பகிடிகளுக்கு ஒரு நாளும் முகம் சுளிக்காத சின்னராசா அத்தானுக்கு,

எல்லாரையும்போல 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது. உங்களிடம் நலம் விசாரிக்கலாமோ, கூடாதோ? மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்? அதனால் எங்கள் சுகத்தை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா சுகம். நானும் சுகம். இந்தச் சாமான் தட்டுப்பாட்டிலும் பருத்த ஒரே மனுசி நான்தான் என்று ஊரில் கதை. உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறோம். வேறு கடதாசி கிடைக்கவில்லை, பள்ளிக் கொப்பியின் கோடு போட்ட தாளில்தான் வரும். அதில் ஒரு பக்கத்தை அக்கா எனக்குத் தந்திருக்கிறார்.

"பகிடி விடாமல் எழுதடி," என்றார்.

முயற்சி செய்கிறேன், அத்தான்.

உங்களைப் பழக்கமில்லாத சனமும் இதை வாசிக்கும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வல்லிபுரத்துக்குக் கிழக்கே, கடலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் நிற்கிற மணல் மேடுதான் பெரிய மணல். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்பவர்கள் அதில் ஒரு முறை ஏறிப் பார்க்கட்டும். காற்று எழும்பினால் நகர்கிற மலை அது. ஊர்ப்பக்கச் சரிவில் பனைகள் கழுத்துவரை புதைந்து நிற்கின்றன. நின்ற நிலையிலேயே நுங்கை எட்டிப் பறிக்கலாம். அந்தப் பனைகளின் அடியில் பழைய ஊர் ஒன்று கிடக்கிறது என்பார்கள். மணல் விலகுகிற காலத்தில் ஒரு வீட்டு முகட்டின் ஓடுகள் வெளியே தெரியும். பிறகு மூடிக்கொள்ளும்.

அந்த மேட்டைத் திரும்பப் பச்சையாக்கத்தான் வன இலாகாக் கந்தோர் உங்களைக் காவலாளாகப் போட்டது. என்னைக் கூலிக்குச் சேர்த்தது நீங்கள். முதலில் காவோலைகளைப் பாதி புதைத்து மணலை மறித்தோம். மாரியின் முதல் மழையோடு இராவணன் மீசைப் புல்லையும் அடம்பன் கொடியையும் ஊன்றினோம். அவை பிடித்த பிறகுதான் காரையும் ஈச்சையும் தாழையும். ஊர் ஆடுகளின் வாய்க்கு அவை தப்பியது, கத்திக் கத்தி விரட்டிய உங்கள் தொண்டையால்தான். பற்றை வந்தது. பற்றைக்குள் கௌதாரியும் முயலும் வந்தன. அவற்றைத் தேடி நரி வந்தது. கோழியைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் உங்களை நரிக்குப் பிறந்தவர் என்று ஏசினார்கள். "அப்ப என்ரை அக்கா நரிக்கு மருமகளோ?" என்று நான் கேட்டேன். அன்று நீங்கள் சிரித்த மாதிரி பிறகு ஒருவரும் சிரித்து நான் காணவில்லை.

உங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. மேட்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே தடத்தில் கால் வைக்க வேண்டும். முன்னால் நீங்கள், உங்கள் தடத்தில் நான், என் தடத்தில் மற்றவர்கள். மேலே இறுகிக் கிடக்கிற மணலைக் கண்டபடி மிதித்தால் அது உடையும், உடைந்தால் பறக்கும். இறங்குவது கடற்பக்கம், அடம்பன் மூடிய இடத்தால். அதனால் ஊர்ப்பக்கத்துச் சரிவில் எப்போதும் மேலே போகிற தடங்கள் மட்டும்தான் இருக்கும். திரும்பி வந்த தடம் இராது.

வள்ளம் இழுக்கும்போது நசிந்து, உங்கள் வலது காலில் மூன்று விரல்தான் மிச்சம். நோகிற நாளில் அந்தக் காலை இழுத்து நடப்பீர்கள். உங்கள் தடத்தை ஊரில் யாரும் அடையாளம் சொல்வார்கள். "அத்தான், நீங்கள் களவெடுக்கப் போனால் அடுத்த நாளே பிடிபடுவியள்," என்பேன் நான்.

பிறகு காய்ச்சல் வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள். சண்டையில் கீரிமலைக்குப் போக வழி இல்லாததால் எங்கள் கடலிலேயே உங்கள் சாம்பலைக் கரைத்தோம்.

நீங்கள் போன பிறகு ஊர் நிறைந்துவிட்டது. தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து ஷெல்லடிக்குப் பயந்து எழும்பி வந்த சனம் புதைந்த பனைகளுக்குக் கீழே கொட்டில் போட்டு இருக்கிறது. மண்ணெண்ணெய் கண்ணில் காட்டக்கூட இல்லை. எல்லா அடுப்புக்கும் விறகு வேண்டும். விறகு எங்கே இருக்கிறது? உங்கள் மேட்டில் இருக்கிறது. கந்தோரிலிருந்து ஒருவரும் வருவதில்லை. நான் போய் நின்று கத்தினேன். ஊரையெல்லாம் சிரிக்கவைத்தவள் கத்தினால் யார் பயப்படுவார்கள்? சிரித்துக்கொண்டே வெட்டினார்கள்.

ஒரு நாள் காலை தண்ணீர் அள்ளப் போனேன். எங்களுக்கு இருக்கிற ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றின் சுற்றுக்கட்டின் மேல் மணல் ஏறிக் கிடந்தது. கையால் வழித்துவிட்டேன். மறுநாளும் கிடந்தது. கிணறு மூடினால் நாங்களும் அந்தச் சனமும் எங்கே போவது? புதைந்த பனைகளைப் பார்த்தேன். அவை என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

அந்தக் கிழமையில்தான் அந்தத் தடங்கள்.

முதலில் கண்டவள் மகேஸ்வரி. தெல்லிப்பழையில் தோட்டமும் துரவுமாய் இருந்து, இங்கே எங்களோடு வாளிக்கு வரிசையில் நிற்கிறவள். விறகுக்குப் போனவள் வெறுங்கையோடு ஓடி வந்தாள். சரிவில் ஒற்றை வரிசையாகத் தடம் ஏறிப் போயிருந்தது. இடது காலில் ஐந்து விரல். வலது காலில் மூன்று.

கிணற்றடியில் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பூமணியக்கா, உது உங்கடை வேலையெண்டு எல்லாருக்கும் தெரியும். செத்த மனிசனை வைச்சும் பகிடி விடுறியளோ?"

"ஓம் பிள்ளை. என்ரை கால்விரலிலை ரெண்டைக் கழட்டி அடுப்படியிலை வைச்சிட்டுத்தான் ஏறினனான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அத்தான், அது நான் இல்லை.

அன்று கடுங்காற்று அடித்தது. மேட்டில் இருந்த ஆட்டுத் தடம், ஆள் தடம் எல்லாவற்றையும் துடைத்தது. மூன்று விரல் தடம் மட்டும் அப்படியே கிடந்தது. அடுத்த நாள் நரி ஒன்று குட்டிகளோடு சரிவைக் கடந்திருந்தது. அதன் தடம் நேரே வந்து, உங்கள் வரிசைக்குக் கிட்ட நின்று, கடக்காமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது. ஆடுகளும் அந்த இடத்துக்கு வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பின. கடற்பக்கம் போய், அடம்பன் முடிகிற ஈரமணலில் பார்த்தேன். இறங்கிய தடம் ஒன்றும் இல்லை. நீங்கள் இறங்காமல் மேலேயே நின்றீர்களா?

சனம் என்னை நம்பவும் இல்லை, மேட்டில் ஏறவும் இல்லை. பகிடியென்று வாயால் சொல்லிக்கொண்டு, கத்தியை வீட்டில் வைத்துவிட்டார்கள். கிணற்றுக் கட்டின் மேல் மணல் ஏறுவது நின்றது. அது எனக்குப் போதும் என்று இருந்தேன்.

அப்போதுதான் அக்கா தொடங்கினார். ஒவ்வொரு நாளும் சோறு கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில், அந்தத் தடத்தில் கால் வைத்து மேலே ஏறினார். பொழுது சாயும்போது கடற்பக்கத்தால் வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "மேலைதான்," என்பார். அதற்கு மேல் ஒரு கதை இல்லை. முகம் கறுத்து, கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"உங்கடை அக்கா புருசனுக்குச் சோறு குடுக்கிறா," என்றாள் மகேஸ்வரி. இந்த முறை அவள் குரலில் பகிடி இல்லை. "பகிடி முத்திப் போச்சு. நீங்கள்தான் செய்தனீங்களெண்டு போய்ச் சொல்லி ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு நாளைக்கு அவ மேலையிருந்து வராமல் விட்டால் என்ன செய்வியள்?"

நான் செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அக்கா கீழே வந்துவிடுவார். ஆனால் அது ஊர் முழுக்கப் பரவும். அடுத்த நாளே கத்திகள் மேலே போகும், பிறகு கிணறு போகும். சொல்லாவிட்டால் மேடு இருக்கும், அக்கா போய்விடுவார். இதில் எதைச் செய் என்று நீங்கள் சொல்லுவீர்கள், அத்தான்? வீட்டுக்குப் பின்னால் போய் நின்று உங்களைத் திட்டினேன். பிறகு போனேன்.

உச்சி வேளை. காற்று நின்றுவிட்டது. பெரிய மணலில் காற்று நின்றால் மணல் உள்ளுக்குள் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், உங்களுக்குத் தெரியும். கௌதாரி கத்தவில்லை. எப்போதும் ஆளைக் கண்டதும் அலறுகிற ஆள்காட்டி, என்னைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் நின்றது. நான் உங்கள் தடத்தில் கால் வைத்து ஏறினேன். இடது கால் சுட்டது. வலது கால் வைத்த இடம் ஒவ்வொன்றும் குளிர்ந்தது.

உச்சியில் காரைப் பற்றைக்குப் பக்கத்தில் அக்கா இருந்தார். தடம் அவருக்கு முன்னால், பற்றைக்கு இந்தப் பக்கம் முடிந்தது. மடியில் பிரித்த சோறு.

"அக்கா," என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு. "அது நான். நான்தான் செய்தனான். வீட்டுக்கு வாங்கோ."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பிடி சோற்றை வாயில் வைத்தார்.

"தெரியுமடி. உன்னைத் தவிர வேறை ஆருக்கு உந்தப் புத்தி வரும்? நல்ல வேலைதான் செய்தனி."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப இந்தச் சோறு?"

"என்ன சோறு? பின்னேரம் வரைக்கும் இதிலை இருந்தால் எனக்குப் பசிக்காதோ? மத்தியானந்தான் அவளவை விறகு வெட்டக் கத்தியோடை வாறவளவை. தடத்துக்குப் பயப்பிடாத ஒண்டு ரெண்டும் நான் இருக்கிறதைக் கண்டு திரும்பிப் போகுதுகள். அவர் பாத்த காவலை ஆரும் பாக்கத்தானே வேணும்."

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. புத்தி பேதலித்த விசரி என்று ஊரே நினைத்திருந்த மனுசி, இங்கே வெயிலுக்குக் கறுத்துக்கொண்டு உங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார். நான் சிரிக்கத் தொடங்கினேன். அக்காவும் சிரித்தார்.

"எப்பிடியடி செய்தனி? கட்டையிலை கால் செதுக்கினனியோ?"

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

"என்னடி?"

"அக்கா, நான் செய்யேல்லை. உங்களைக் கீழை கூட்டிக்கொண்டு போகத்தான் அப்பிடிச் சொன்னனான்."

"பகிடி விடாதை."

"பகிடி இல்லை. நீங்கள் செய்யேல்லையோ?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த நாள் தொட்டு என் பகிடியைப் பார்த்தவர், என் முகத்தில் அது இருக்கிறதா என்று தேடினார். பிறகு மெதுவாகச் சோற்றை மூடிவைத்துவிட்டு, முதல் முறையாக அந்தத் தடங்களைக் குனிந்து பார்த்தார். அதுவரை என் கைவேலை என்று கவனிக்காமல் விட்டிருந்தார். வலது காலின் குதி பட்ட இடத்தில் மணல் கொஞ்சம் பின்னால் இழுபட்டிருந்தது. அக்கா அதன் மேலே, தொடாமல், உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

"இழுத்துத்தான் நடந்திருக்கிறார்," என்றார். "இன்னும் நோகுதாக்கும்."

நாங்கள் அழவில்லை, அத்தான். அழுதால் மேட்டுக்குக் கேட்டுவிடும் என்பது போல இருந்தோம். எழும்பும்போது பார்த்தேன். நான் ஏறி வந்தபோது பற்றைக்கு இந்தப் பக்கம் முடிந்த தடம், இப்போது அந்தப் பக்கம் முடிந்தது. நான் அக்காவுக்குக் காட்டவில்லை. அவரும் எனக்குக் காட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கடற்பக்கத்தால் இறங்கினோம்.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றை நீங்கள் கேட்டால் கோபிப்பீர்கள். மேட்டின் அடியில் இருக்கிற பள்ளத்துப் பற்றையை விறகுக்குத் திறந்துவிட்டேன். பச்சையில் கை வைக்கக் கூடாது, காய்ந்ததை மட்டும் பொறுக்கலாம், ஒரு பக்கம் பொறுக்கினால் அடுத்த பக்கம் ஆறவேண்டும். குளிருகிற அடுப்போடு ஒரு தாயை எத்தனை நாளைக்கு மறிப்பது? மகேஸ்வரிதான் இப்போது பள்ளத்துக்குப் பொறுப்பு. பச்சைக் கொப்பு முறித்த ஒருத்தியை அவள் ஏசின ஏச்சில் நரியே எழும்பி ஓடியது. மேட்டில் ஒருவரும் கை வைப்பதில்லை. கட்டையாய் வெட்டின காரைகள் துளிர்த்துவிட்டன.

தடங்கள் இன்னும் இருக்கின்றன. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே, நாங்கள் இன்னும் ஒன்றும் நடாத மொட்டை மணலை நோக்கிப் போகின்றன. அடுத்து எங்கே நடவேண்டும் என்று காட்டுகிறீர்களா? இல்லை, போய்க்கொண்டிருக்கிறீர்களா? அக்கா ஒவ்வொரு நாளும் அவை முடிகிற இடத்தில் நின்று பார்க்கிறார். நேற்று ஒரு காலை முன்னால் தூக்கினார், வைக்கவில்லை. நான் பின்னால் நின்று அவர் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தேன்.

மாரி தொடங்கினதும் அந்த வடக்குச் சரிவில் புல் ஊன்றுவோம். உங்கள் தடத்திலேயே கால் வைத்து ஏறுவோம். நரிக்குட்டிகளை ஒருவரும் அடிக்க விடமாட்டேன். நீங்கள் எவ்வளவு தூரமும் நடந்து போங்கள், அத்தான், உங்கள் மேட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அக்காவைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டாலும் நான் விடமாட்டேன். உச்சியில் அவர் எவ்வளவு நேரம் இருந்தாலும், பொழுது சாயும்போது என் கையில் பிடித்துக் கடற்பக்கத்தால் கீழே கூட்டி வருவேன். என் மூச்சு உள்ளவரை ஒவ்வொரு நாளும் கூட்டி வருவேன்.

இப்படிக்கு, அக்காவை உங்களுக்குக் கட்டித் தந்த வீட்டின் சின்னப் பெண்,
உங்கள் மச்சாள் பூமணி