லூனாவில் இறங்கவும்

அக்டோபர் 6, திங்கள்

தியோ சார் இன்று அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார். மாதக் கடைசியில் எங்கள் கல்லூரியில் நடக்கும் செவிலியர் மாநாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து நூற்று நாற்பது பேர் வருகிறார்கள். அவர்களுக்கு மணிலாவை அறிமுகப்படுத்தி ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். "நீங்கதான் இங்கேயே பொறந்து வளர்ந்தவங்க, லுனிங். வெயில், மழை, டிராபிக், சாப்பாடு, அவ்வளவுதான். படிக்கிறவங்களை அழ வெச்சிடாதீங்க."

வருகிறவர்கள் பட்டியலையும் கொடுத்தார். எழுபத்தோராவது பெயர்: லிகாயா, டொராண்டோ. என் அக்கா.

அம்மாவை அடக்கம் செய்தபோதுகூட வராதவள். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. மாநாட்டுக்கு மட்டும் வர முடியுதாமா?

அக்டோபர் 7

வீட்டுக்கு வருவாளா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

அக்டோபர் 9, வியாழன்

நாலு தாள் கிழித்தாயிற்று. 'ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் மாநகரம்' என்று தொடங்கினால் எனக்கே கொட்டாவி வருகிறது.

கடைசியில் அக்காவும் நானும் திரிந்த ஊரையே எழுதினேன். மழை வந்தால் ஜீப்னி வண்டியின் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டு, உள்ளே எல்லாரும் ஈர முழங்காலோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். லூனா தியேட்டரில் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கண் கூசும். பின்சந்தில் நேனா அம்மாள் கடையில் லுகாவ் — இஞ்சி தட்டிப்போட்ட அரிசிக் கஞ்சி. ஊதி ஊதிக் குடிப்போம். அந்த நாளெல்லாம் எங்கே போச்சு?

மாநாட்டின் இரண்டாம் நாள் சாயங்காலச் சாப்பாட்டை அந்தக் கடையிலேயே வைத்து, வழியும் எழுதினேன்: 'லூனாவில் இறங்கி, தியேட்டரை ஒட்டிய வலப்பக்கச் சந்தில் திரும்பவும்.'

அக்டோபர் 10

தியோ சார் படித்தார். "யாருக்கோ எழுதின கடுதாசி மாதிரி இருக்கே" என்றார். இரண்டு காற்புள்ளியைத் திருத்தி அச்சுக்கும், வருகிறவர்களுக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 23

அக்கா நாலாவது வரிசையில். முடியைக் கத்தரித்திருக்கிறாள், முழுக்க நரை. நான் பதிவு மேசைக்குப் பின்னால் குனிந்து, தொலையாத பேனாவைத் தேடினேன். ஐம்பத்து மூன்று வயதில் இது தேவையா?

அக்டோபர் 24, வெள்ளி

மானம் போயிற்று.

லூனா தியேட்டர் எரிந்து இருபத்தாறு வருஷம். அங்கே இப்போது செல்போன் கடை. ஆனால் ஜீப்னிக்காரர்கள் இன்னும் "லூனா, லூனா" என்றுதான் கூவுகிறார்கள், நாங்களும் அங்கேதான் இறங்குகிறோம். எழுதிய எனக்கோ, திருத்திய தியோ சாருக்கோ, அச்சடித்தவருக்கோ தோன்றவேயில்லை. சாப்பாட்டுக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்; இல்லாத தியேட்டரைத் தேடி அலைந்திருக்கிறார்கள்.

தியோ சார் போனில் கத்தினார். "தியேட்டரே இல்லைங்கிறாங்க லுனிங். எங்கே போச்சு?"

"எரிஞ்சு போச்சு சார்."

"அட, ஆமாம்ல" என்றார்.

கஞ்சிக் கடையில் நாற்பது கிண்ணங்களுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு ஒருத்தி மட்டும் சந்துக்குள் வந்தாள்.

"ஜீப்னிக்காரன் லூனான்னான், இறங்கிட்டேன்," என்றாள் அக்கா. "விமானத்துலயே படிச்சேன். உன்னைத் தவிர வேற யாரு இப்படி எழுதுவா? கஞ்சி இருக்கா, இல்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்கப் போறியா?"

இரண்டு கிண்ணம் குடித்தாள். முழங்கால் வலி, டொராண்டோக் குளிர், அவள் வீட்டு வாடகைக்காரன், எல்லாம் பேசினோம். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படுக்க ஹோட்டலுக்கே போய்விட்டாள். வீட்டுக்கு வா என்று நானும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 28

அக்கா பெட்டியோடு வாசலில். நவம்பர் முதல் தேதி அம்மா கல்லறைக்கு வந்துவிட்டுத்தான் ஊருக்குப் போவாளாம். "ஹோட்டல் ஏசி ஒத்துக்கல" என்றாள். சரி, ஏசி என்றே இருக்கட்டும்.

நவம்பர் 1, சனி

இறந்தவர்களை நினைக்கும் நாள்; ஊரே கல்லறைத் தோட்டத்தில். பாய், குடை, சீட்டுக்கட்டு, சாப்பாடு. ஒன்பது வருஷமாக இந்த நாளில் அம்மா பக்கத்தில் நான் ஒற்றையாகத்தான் உட்கார்வேன். இன்று அக்கா கல்லைத் தேய்த்துக் கழுவினாள், மெழுகுவத்தி ஏற்றினாள்.

அப்புறம் நிதானமாகச் சொன்னாள், கோபமே இல்லை. "அடக்கத்துக்கு வர டிக்கெட் எடுத்து வெச்சிருந்தேன் லுனிங். நீதான் போன்ல வராதேன்னே."

சொன்னேன். ஆமாம், சொன்னேன். அம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் நான் ஒருத்தியே பார்த்தேன் — அந்த ஆத்திரம். 'இனிமே வந்து என்ன ஆகப் போகுது, வராதே' என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அக்கா வரவில்லை, வரவில்லை என்று இந்த நோட்டில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். இதை ஒரு தடவைகூட எழுதினதில்லை.

கல்லைப் பார்த்து, "அம்மா, நான்தான் அவளை வர வேணாம்னேன்" என்றேன்.

அக்கா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். "அம்மாவுக்கு அப்பவே தெரியும்டி. உக்காந்து சாப்பிடு, ஆறிப் போகுது."